காஸ் முடிவதில்லை

வாகனத்தின் ஏசி குளிர் தராமற் போனால் நாம் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறோம்: "காஸ் முடிந்துவிட்டது." பெற்றோல் முடிவது போல, சமையலறைச் சிலிண்டர் முடிவது போல, இதுவும் பாவனையில் தீர்ந்து போகும் பண்டம் என்ற எண்ணம் அந்த வசனத்துக்குள் இருக்கிறது. பத்திரிகையில் பிரதி திருத்தும் மேசையில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால் பிழையான வசனங்கள் என் கண்ணை உறுத்தும். இந்த வசனத்தில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. பிழை பௌதிகவியலில் இருக்கிறது.

ஏசிக்குள் இருக்கும் வாயு எரிவதுமில்லை, செலவாவதுமில்லை. கொம்பிரசர் அதனை அமுக்கிச் சூடாக்குகிறது. ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர் ஒரு சிறு துவாரத்தினூடாகப் பாய்ந்து, டாஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் கூலிங் கொயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது வாகனத்தின் உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மீண்டும் கொம்பிரசருக்குப் போகிறது. இது மூடிய வட்டம். ஒழுங்காக மூடப்பட்ட வட்டத்தினுள் இட்ட வாயு பத்து, பதினைந்து வருடங்கள் கூட அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். இறப்பர்க் குழாய்களினூடாக ஆண்டுதோறும் மிகச் சிறிதளவு ஊறிப் போவது உண்மை. ஆனால் சில வாரங்களில் குளிர் நின்றுபோகுமானால், எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்பதே அதன் பொருள்.

எங்கள் கார் 2003 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஜப்பானிய வாகனம். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் இலங்கையில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பழைய காரைப் பேணக் கற்றுக்கொண்டோம். எண்பது கடந்த என் தாயாரை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சிகிச்சைக்காக அழைத்து வருவதற்கு அந்தக் கார்தான் துணை. ஏ-9 வீதியில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு சித்திரை மாத நண்பகலில், வவுனியாவைத் தாண்டிய பின்னர் ஏசியிலிருந்து வெந்த காற்று வரத் தொடங்கியது. கண்ணாடிகளை இறக்கினோம். உள்ளே வந்த காற்றும் அனலாகவே இருந்தது. அம்மா பின்னிருக்கையில் சாய்ந்து, அழைத்தாலும் சரியாகப் பதில் சொல்லாதவராகப் போய்விட்டார். வீதியோரக் கடையொன்றில் நிறுத்தி, நீரில் நனைத்த துவாயை நெற்றியில் இட்டு, அரை மணித்தியாலம் மரநிழலில் படுக்க வைத்த பின்னரே தெளிந்தார். அந்தப் பயணத்துக்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான் காஸ் நிரப்பியிருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் அது மூன்றாவது தடவை.

மூன்று தடவையும் நான் கேட்டது ஒரே கேள்வி: "முன்னர் நிரப்பியது எங்கே போனது?" ஒரு கராஜில், "ஏசி என்றால் அப்படித்தான், இடைக்கிடை போடத்தான் வேண்டும்" என்றார்கள். இன்னொன்றில் சிரித்தார்கள். மூன்றாவதில், விலை கூடிய காஸ் போட்டால் நீண்ட காலம் நிற்கும் என்றார்கள். எங்கே போனது என்பதற்கு எவரும் பதில் தரவில்லை. பதில் தேடுவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். நிரப்புவதற்கு ஒரு மணித்தியாலம் போதும்.

நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெஹிவளையில், கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில் இருக்கும் அந்தச் சிறிய வேலைத்தலத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க, மெலிந்த, அளவாகப் பேசும் மனிதர். யாழ்ப்பாணத்தில் குளிர்சாதனப் பெட்டிகள் திருத்தித் தொழில் பழகியவர். 1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரமே இல்லாமற் போன வருடங்களில் தொழிலும் இல்லாமற் போக, வளைகுடா நாடொன்றுக்குச் சென்று, அங்கே வாகன ஏசி வேலை கற்றுக்கொண்டு திரும்பியவர். நான் வாய் திறக்கு முன்னரே அவர் சொன்னார்:

"காஸ் முடியிறேல்லை தம்பி. பெற்றோல் மாதிரி எரியிற சாமானே அது? உள்ளுக்கை சுத்திக்கொண்டு இருக்கிற சாமான். இல்லையெண்டால், வெளியிலை போட்டுது எண்டு அர்த்தம். எதாலை போனது எண்டு பாக்காமல் நான் போடமாட்டன்."

எனது கேள்வியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது பெரும் ஆறுதலாக இருந்தது.

அதன் பின்னர் நான்கு தடவைகள் அங்கே போய் அமர்ந்து அவர் தேடியதைப் பார்த்தேன். கசிவு தேடுவது ஒரு துப்பறியும் வேலை. பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற வாயுவுக்கு நிறமில்லை, மணமும் இல்லையென்றே சொல்லலாம். வெளிக்காற்றுக்கு வந்தவுடன் ஆவியாகிவிடும், ஏனெனில் அதன் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியஸ். தரையில் சொட்டாது, கறையும் விடாது. ஆனால் அதனுடன் ஒரு கூட்டாளி பயணம் செய்கிறது. கொம்பிரசருக்கான எண்ணெய் அந்த வாயுவோடு கலந்து வட்டம் முழுவதும் சுற்றுகிறது. வாயு தப்பும் இடத்தில் சிறிது எண்ணெயும் கசியும். எண்ணெயில் தூசி ஒட்டும். ஆகவே முதற்கருவி கண். பொனற்றைத் திறந்து, பொருத்துகள் ஒவ்வொன்றையும் ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, ஈரமான அழுக்கு எங்கே திரண்டிருக்கிறது என்று தேடினார். முதற் சந்தேகம் கொண்டென்சரில்தான் விழுந்தது. கடற்கரையோரம் ஓடும் வாகனங்களில் உப்புக் காற்று அதன் அலுமினியத் தகடுகளை அரிப்பது வழமை. அதில் அரிப்பு இருந்தது, எண்ணெய் இருக்கவில்லை.

பின்னர் அமுக்கமானியை மாட்டினார். இயந்திரம் நிறுத்தப்பட்ட நிலையில், 31 பாகை வெப்பநிலையில், அது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 இறாத்தல் காட்ட வேண்டும். 40 காட்டியது. இங்கே அவர் ஒரு நுட்பத்தை விளக்கினார். உள்ளே ஒரு துளி திரவமாவது எஞ்சியிருக்கும் வரையில், நிறுத்திய வாகனத்தில் முள் அந்த 100 இலேயே நிற்கும். அது 450 கிராம் இருக்கிறதா, 150 கிராம் இருக்கிறதா என்பதை முள் சொல்லாது. அதை நிறுத்துத்தான் அறியலாம். முள் 40 க்கு இறங்கிவிட்டதென்றால் திரவமே இல்லை, வெறும் ஆவி மட்டும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். எஞ்சியதை அவர் காற்றில் விடவில்லை. ஒரு சிலிண்டருக்குள் இழுத்தெடுத்து நிறுத்தார். 50 கிராம் கூட இருக்கவில்லை.

அடுத்தது வெற்றிடப் பரிசோதனை. பம்பியினால் உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் இழுத்துவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது. முப்பது நிமிடமும் முள் அசையவில்லை. பல இடங்களில் இத்துடன் "லீக் இல்லை" என்று தீர்ப்பளித்து, நிரப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் தலையை ஆட்டினார். வெற்றிடத்தில் ஓட்டையின் மீது தொழிற்படுவது வெளிக்காற்றின் அமுக்கம் மட்டுமே, சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் கூட வராது. அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. ஏசி ஓடும்போது உயரமுக்கப் பக்கத்தில் 200 இறாத்தலுக்கு மேல், உள்ளிருந்து வெளிநோக்கி. வெளியே தள்ளும்போது திறக்கும் வெடிப்பு, உள்ளே இழுக்கும்போது மூடிக்கொள்ளலாம். வெற்றிடம் ஈரப்பதனை அகற்றுவதற்கு அவசியமானது. கசிவு இல்லை என்பதற்கு அது போதிய சாட்சி அன்று.

ஆகவே நைதரசன். உலர்ந்த நைதரசனை 150 இறாத்தல் அமுக்கத்தில் ஏற்றி, சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு பொருத்திலும் பூசினார். சாதாரண காற்றை ஏற்றினால் அதனுடன் ஈரம் போகும். ஒட்சிசனை ஏற்றினால் உள்ளே இருக்கும் எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். அதனால்தான் நைதரசன். சில நிமிடங்களில், தாழமுக்கக் குழாயின் நிரப்பு வால்வில் கடுகளவு குமிழ் ஒன்று ஊதி உடைந்தது. வால்வின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்ரிக் மூடி காணாமற் போயிருந்தது. முன்னர் நிரப்பிய ஒருவர் திருப்பி மாட்டவில்லை. அந்த மூடி அலங்காரம் அல்ல. உள்ளே இருக்கும் சிறிய வால்வுக்குத் துணையாக வாயுவைத் தடுத்து நிற்பது அதுதான்.

கண்டுபிடித்தாயிற்று என்று நான் எழுந்தேன். "இருங்கோ. இது ஒண்டு. இது மட்டுந்தானோ எண்டு தெரியாது" என்றார் அவர். வால்வை மாற்றி, மூடி போட்டு, மீண்டும் 150 வரை ஏற்றி, இரவு முழுவதும் அப்படியே விட்டார். காலையில் முள் 138 இல் நின்றது. அவர் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டார். நேற்று மாலை 31 பாகை. இப்போது 26 பாகை. குளிர்ந்தால் எந்த வாயுவும் சற்றுச் சுருங்கும். "குளிருக்கு மூண்டு போகும். மிச்சம் ஒன்பது எங்கை?"

பத்திரிகைத் தொழிலில் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம் ஒன்று உண்டு. முதலில் கிடைத்த விளக்கம் பொருந்துகிறது என்பதற்காக அதுவே முழு விளக்கம் ஆகிவிடாது. அந்த ஒன்பது இறாத்தலை விட்டுக்கொடுக்காத மனிதரை நான் மிகுந்த மரியாதையுடன் பார்த்தேன்.

கைக்கு எட்டும் பொருத்துகளில் குமிழ் இல்லை. கொம்பிரசரின் முன்பக்கத் தண்டைச் சுற்றியுள்ள சீலும் உலர்ந்தே இருந்தது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாடு நின்ற காலத்துக்குப் பின்னர் அந்தச் சீல் கசிந்து வந்த வாகனங்கள் பல என்று அவர் சொன்னார். ஏசி ஓடும்போதுதான் எண்ணெய் அந்தச் சீலை நனைக்கிறது. வாகனம் வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் சீல் காய்ந்து சுருங்குகிறது. மழைக்காலத்திலும் வாரத்துக்குப் பத்து நிமிடமாவது ஏசியைப் போட வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். எங்கள் காரில் அந்தச் சீல் குற்றவாளி அல்ல. எஞ்சியிருந்தது எவரும் பார்க்க விரும்பாத இடம், டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில்.

அதைச் சுமத்துவதற்கு முன்னர் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார் அவர். முதற் சாட்சி இலத்திரனியல் மோப்பக் கருவி. சிறிதளவு வாயுவை உள்ளே விட்டு, அதன் மேல் நைதரசனை ஏற்றி, இயந்திரத்தை நிறுத்தி, கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடிக் காத்திருந்தோம். இந்த வாயு காற்றிலும் கனமானது, கீழே இறங்கும். ஆகவே கூலிங் கொயிலில் சேரும் நீர் வெளியேறும் குழாயின் வாயில், வாகனத்தின் அடியில், கருவியைப் பிடித்தார். கருவி கத்தியது. எனினும் அது கழுவும் திரவத்துக்கும் ஒட்டுப் பசைக்கும்கூடச் சில வேளைகளில் கத்தும். எனவே இரண்டாவது சாட்சி, நிறச்சாயம். எண்ணெயோடு கலந்து ஓடும் சாயத்தைச் செலுத்தி, வாயுவை அளந்து இட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். அவ்வாரம் முடிந்து, மாலை இருளில், புறஊதா ரோர்ச்சை அதே குழாயின் வாயில் அடித்தபோது மஞ்சள் கலந்த பச்சை ஒளி மினுங்கியது. மின்மினிப் பூச்சியொன்று அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது.

பச்சை நிறத்தைக் கண்டதும் அவர் பழைய காலத்தை நினைவுகூர்ந்தார். தொழில் பழகிய நாட்களில் ஆர்-12 வாயுவை விளக்குச் சுடரால் தேடுவார்களாம். விளக்கின் இறப்பர்க் குழாயைப் பொருத்துகளின் அருகே கொண்டு போனால், கசிவு இருக்கும் இடத்தில் சுடர் பச்சையாக மாறும். சூடான செம்பின் மீது குளோரீன் படுவதன் விளைவு அது. அந்தச் சுடரில் பொஸ்ஜீன் என்ற நச்சுவாயுவும் உண்டாகும் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தாராம். அதே குளோரீன்தான் ஓசோன் படையையும் அரித்தது. மொலினாவும் றோலண்டும் 1974 இல் அதனை எச்சரித்தார்கள். 1985 இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் மெலிந்து வருவது அறிவிக்கப்பட்டது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கை 1989 இல் அதில் இணைந்தது. ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. அதில் குளோரீன் இல்லை. சுடர் நிறம் மாறுவதும் இல்லை.

ஓசோனுக்குத் தீங்கில்லை என்பதனால் அது குற்றமற்றது என்றாகிவிடாது. 100 ஆண்டுக் கணக்கில் ஆர்-134ஏ புவியைச் சூடாக்கும் ஆற்றல், அதே நிறையுடைய காபனீரொட்சைட்டிலும் 1430 மடங்கு என்று மதிப்பிடப்பட்டது. அதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் அதனைத் தடுத்தது. அதனாலேயே 2016 இல் கிகாலித் திருத்தம் வந்தது. எங்கள் காரிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 400 கிராம் வெளியேறியிருக்கிறது. 400 கிராமை 1430 ஆல் பெருக்கினால் 572 கிலோ. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். அப்படியானால் ஒரு தடவை நிரப்பிக் கசிய விட்டது, 250 லீற்றர் பெற்றோலை எரித்ததற்குச் சமம். "முடிந்துவிட்டது" என்ற சொல் மறைப்பது இவ்வளவையும்.

நான் அங்கே இருந்த ஒரு மாலை, சுற்றுலா வானொன்றின் சாரதி வந்தார். சிங்கள இளைஞர். மறுநாள் அதிகாலை விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஐந்து நாள் பயணம் போக வேண்டும், உடனே காஸ் மட்டும் நிரப்பித் தாருங்கள் என்றார். தேட வேண்டும் என்று இவர் சொல்ல, அவர் குரல் உயர்ந்தது. ஐந்து நாள் ஓட்டத்தை இழந்தால் மாதத் தவணை கட்ட முடியாது, வானைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தேடிப் பார்ப்பதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும், அது இல்லாதவனைத்தான் திரும்பத் திரும்ப நிரப்பும் செலவு வந்து பிடிக்கிறது. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, எங்கள் தொழிலாளி அந்த வானில் சாயத்தையும் சேர்த்து நிரப்பினார். பயணம் முடிந்ததும் வா, அதற்குள் ஓட்டை தன்னைத் தானே காட்டிக்கொடுத்திருக்கும் என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். "அவன் வருவானோ?" என்று கேட்டேன். "பாதிப் பேர் வருவினம்" என்றார். தேட மறுப்பவர்களோடு வாதாடி, அவர்கள் அடுத்த ஒழுங்கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பழகிப்போன விடயம்.

டாஷ்போர்டைக் கழற்ற ஒரு பகல் முழுவதும் சென்றது. கூலிங் கொயிலின் பெட்டியைத் திறந்தபோது, ஈரத்தில் ஊறி மட்கிய இலைச் சருகுகள் பாய் போலப் படிந்திருந்தன. முன்கண்ணாடியின் கீழிருக்கும் காற்று வழியால் உள்ளே விழுந்தவை. அந்தக் காருக்கு உட்காற்று வடிகட்டி எதுவும் இருக்கவில்லை. இருபது வருடம் அந்த ஈரமும் சருகும் அலுமினியத்தைத் தின்றிருக்கின்றன. கீழ் மூலையில், நகத்தின் அளவு இடத்தில், சாயம் ஒளிர்ந்தது. ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. சாயம் ஒளிராதிருந்தால் அந்த இடத்தை எவரும் சந்தேகித்திருக்கமாட்டார்கள்.

ஒட்டித் தரலாமா என்று கேட்டேன். ஓரிடத்தில் அரித்தது மற்ற இடங்களையும் மெலிவித்திருக்கும் என்றார். ஓட்டை அடைக்கும் திரவம் டின்களில் விற்கிறார்களே என்றேன். அது ஓட்டையை மட்டும் தெரிந்து அடைக்காது, வால்வையும் அடைக்கும் என்றார். புதிய கொயில், புதிய ஓ-ரிங்குகள், ஈரம் உறிஞ்சும் புதிய புட்டி, அளந்து எடுத்த எண்ணெய், முக்கால் மணித்தியால வெற்றிடம். கடைசியாக, தராசின் மேல் சிலிண்டரை வைத்துச் சரியாக 450 கிராம். மொத்தச் செலவு, மூன்று தடவை நிரப்பியதற்குக் கொடுத்ததைவிடக் கூடத்தான். நான்காவது, ஐந்தாவது தடவைகளையும், வவுனியாவுக்கு அப்பால் அந்த மரநிழலையும் கணக்கில் சேர்த்தால் கூட என்று சொல்லமாட்டேன்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. உங்கள் காரின் ஏசி குளிர் தராதபோது, நிரப்புவதற்கு முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே எத்தனை கிராம் எஞ்சியிருந்தது? கசிவை எந்த முறையால் தேடினீர்கள்? எத்தனை கிராம் நிரப்பினீர்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் உங்கள் பணம் காற்றில் போகிறது.

வேலை முடிந்ததும் அவர் பொனற்றின் உட்புறத்தில் ஒரு சிறிய காகிதத்தை ஒட்டி, திகதியையும் "450 கிராம்" என்பதையும் மை பேனாவால் எழுதினார். "இது எதற்கு அண்ணை?" என்றேன். "நான் இல்லாத காலத்திலை இன்னொருத்தன் திறப்பான். அவனும் நிறுத்துப் பாக்கட்டும்" என்றார்.